மிஞ்சியிருப்பது ஏழு பல்: எல்லாவற்றையும் பிடுங்குவதா, கிரவுணும் பிளேட்டும் சேர்த்துப் போடுவதா?

கனகராயன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் பல் விசயமாக ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மல்லாவியில் இருக்கிறார், இன்னும் வயல் செய்கிறார். முப்பது வருடமாக வெற்றிலை. புகையிலையை விட்டு ஆறு வருடம், பாக்கை விடவில்லை. மேல்வாயில் முன்பக்கமாகப் பத்துப் பல் இருக்கிறது. பிரச்சினை கீழ்வாய்தான். இரண்டு பக்கமும் கொடுப்புப் பல் ஒன்றுகூட இல்லை. மிஞ்சியிருப்பது ஏழு: முன்னால் நாலு, வேட்டைப்பல் இரண்டு, வலப்பக்க வேட்டைப்பல்லுக்குப் பின்னால் ஒன்று. முன் நாலும் நாக்குப் பட்டாலே ஆடுகின்றன. மற்ற மூன்றும் நல்ல பிடிப்பு.

ஒரு டொக்டர் சொன்னார், ஏழையும் எடுத்துவிட்டுக் கீழ்வாய்க்கு முழு செட் கட்டலாம், சுலபம் என்று. இன்னொருவர் சொன்னது வேறு. ஆடுகிற நாலை மட்டும் எடுப்பது. மிச்சம் மூன்றுக்கும் கிரவுண், அதாவது பல்லை மூடுகிற தொப்பி போட்டு, வேட்டைப்பல்லிலிருந்து வேட்டைப்பல்லுக்குப் பாலம் மாதிரிக் கழற்ற முடியாத பொய்ப்பல் வரிசை, பிரிட்ஜ், ஒட்டுவது. கொடுப்புப் பல் பகுதிக்கு, அந்தக் கிரவுணில் பட்டன் மாதிரிப் பூட்டுகிற, கழற்றக்கூடிய பிளேட் செய்வது. பாதி நிரந்தரம், பாதி கழற்றுவது. செலவோ ஒரு காலபோக நெல் விற்ற காசு முழுவதும் போய்விடும் போலிருக்கிறது.

அப்பாவிடம் கேட்டால், "பிடுங்கிப்போட்டு விடு மோனை, ஆடுற பல்லோட ஆர் மாரடிக்கிறது" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன்_பொடியன் எழுதியது:

அண்ணை, பிடுங்குங்கோ. எங்கட அம்மம்மா மேலும் கீழும் முழு செட். பனங்கிழங்கே சப்புவா. காசை மிச்சம் பிடியுங்கோ.

லாப்காரன் எழுதியது:

தம்பி பரந்தன், உங்கள் அம்மம்மா கெட்டிக்காரி. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. மேல் செட் அண்ணத்தில் காற்றிழுத்து ஒட்டி நிற்கும். கீழ் செட்டுக்கு ஒட்ட இடமில்லை. நடுவில் நாக்கு கிடந்து அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பல் செய்கிற லாப்பில் 22 வருடம் இருக்கிறேன். திரும்பி வருகிற முறைப்பாடுகளில் அநேகமானவை கீழ் செட்டைப் பற்றியவைதான். "தம்பி, கதைக்கேக்க எழும்புது" என்று கொண்டுவருவார்கள். நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

கனகராயன், இரண்டாவது டொக்டர் சொன்ன வேலை நல்ல வேலை. ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். கிரவுணையும் பிளேட்டையும் ஒரே திட்டமாகச் செய்ய வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், ஒருவரிடம் கிரவுண் போடுவார்கள், காசு சேர இரண்டு வருடம் கழித்து வேறொருவரிடம் பிளேட்டுக்குப் போவார்கள். அந்தக் கிரவுண் வழுவழுவென்று முட்டை மாதிரி இருக்கும். பிளேட்டின் கொக்கி எங்கே பிடிக்கும்? பிளேட் வரப்போகிறது என்று முதலே தெரிந்தால், மெழுகில் கிரவுணைச் செதுக்கும்போதே சேவேயர் என்ற, திசை பார்க்கிற கருவியில் வைத்து, பிளேட் இறங்குகிற திசையைப் பார்த்து, கிரவுணின் நாக்குப் பக்கத்தில் ஒரு படி வெட்டிவிடுவோம். பிளேட் வந்து அந்தப் படியில் உட்காரும். சாப்பிடும்போது பாரம் முரசில் மட்டும் இறங்காது, பல்லிலும் இறங்கும். கிரவுணை ஒட்டின பிறகு வாய்க்குள் அதையெல்லாம் ஒழுங்காக வெட்ட முடியாது.

ஸ்ருட்கார்ட்_அக்கா எழுதியது:

இதை வாசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. இங்கே ஜெர்மனியில் இது சாதாரண விசயம். என் கணவருக்கு ரெலஸ்கோப் கிரவுண். அதாவது ஒரு பல்லுக்கு இரண்டு தொப்பி. உள்தொப்பியைப் பல்லோடு ஒட்டிவிடுவார்கள். வெளித்தொப்பி பிளேட்டோடு சேர்ந்தது. இரண்டும் சுண்டு மூடி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று இறங்கி இறுகிக்கொள்ளும். கொக்கி ஒன்றும் வெளியில் தெரியாது. எட்டு வருடமாகிறது, ஒரு கரைச்சலும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2023இல் வன்னிக்கு வந்தபோது ஆள் வெளித்தொப்பிப் பிளேட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் குளித்தார். அது உருண்டு சீமெந்தில் விழுந்து ஒரு பல் பறந்தது. அதைத் திருத்த இரண்டு இடத்தில் கேட்டோம். இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை அங்கேயே கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார்கள். மூன்று கிழமை மனுசன் உள்தொப்பிகளோடு திரிந்தார். சிரித்தால் வாய் முழுக்கப் பொன் முளை.

நிர்வாகி:

ஒரு சின்ன நினைவூட்டல். எந்தக் கிளினிக், எந்த டொக்டர் என்று பெயர் போட வேண்டாம். நல்லதாகச் சொன்னாலும் வேண்டாம்.

முள்ளியவளை_ரீச்சர் எழுதியது:

நான் கெட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். ஒருவராவது சொல்ல வேண்டும்தானே.

எனக்கும் இதே மாதிரிக் கீழ்வாயில் கிரவுணும் பட்டன் பிளேட்டும் செய்தது. முதல் வருடம் சொர்க்கம். இடியப்பத்தில் இருந்து இறைச்சி வரை எல்லாம் சாப்பிட்டேன். பட்டனுக்குள் ஒரு சின்ன நைலோன் வளையம் இருக்கும். அதுதான் கிளிக் என்று பிடிக்கிறது. அது தேயும், மாற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் பிளேட் தளர்ந்தது. நான் பல்பசை மாதிரி ஏதோ ஒட்டும் பசை வாங்கிப் போட்டுச் சமாளித்தேன். இரவிலும் கழற்றவில்லை, வீட்டில் மருமகன் இருக்கிறார், பல்லில்லாமல் எப்படி முகம் கொடுப்பது? கிரவுணின் அடியில் சூத்தை விழுந்து, ஒருநாள் பாணைக் கடிக்கும்போது பல்லே கிரவுணோடு முறிந்து கையில் வந்தது. பட்டன் இருந்த தூண் அதுதான். ஒரு பல் போனது, அதோடு முழுப் பிளேட்டும் உபயோகமில்லாமல் போனது.

செய்த இடத்தில் கேட்டால், அந்த வகைப் பட்டனை இப்போது கொண்டுவருவதில்லையாம்.

ஆகவே தம்பி கனகராயன், "எப்படிச் செய்வார்கள்" என்று கேட்பதற்கு முதல் "பழுதானால் யார் பார்ப்பார்கள்" என்று கேளுங்கள்.

பல்வைத்தியம்_முல்லை எழுதியது:

நான் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். வாயைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது, எக்ஸ்ரே பார்க்காமல் சொல்லவே கூடாது. ஆனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம்.

முதலாவது, நல்ல பிடிப்புள்ள வேட்டைப்பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். பல் இருக்கிற இடத்தில்தான் தாடை எலும்பும் இருக்கும். பல்லை எடுத்தால் எலும்பு கரையும், மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை மோசமாகக் கரையும். 1972இல் வெளிவந்த, 25 வருடம் ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் கீழ்த் தாடையின் கரைவு மேல் தாடையைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு. 1978இல் வந்த இன்னொரு ஆய்வில், கீழ் வேட்டைப்பல் வேர்களை விட்டுவைத்து அதன்மேல் செட் போட்டவர்களுக்கு ஐந்து வருடத்தில் முன்பக்க எலும்பு 0.6 மில்லிமீற்றர் குறைந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி செட் போட்டவர்களுக்கு 5.2 மில்லிமீற்றர். ஐந்து வருடத்தில் அரைச் சென்ரிமீற்றருக்கும் கொஞ்சம் கூட! அப்பா 67 வயதில் பிடுங்கினால் 75 வயதில் அவருக்குச் செட் நிற்கத் திடல் போதாமல் போகலாம்.

இரண்டாவது, ஏன் இந்த வேலை கஷ்டம் என்பது. பல் எலும்போடு நாரால் கட்டுப்பட்டது. கடிக்கும்போது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட அமிழாது. முரசோ மெத்தை, அதைவிடப் பல மடங்கு அமிழும். அப்பாவின் பிளேட்டுக்கு முன் நுனி பல்லில், பின் நுனி வெறும் முரசில். ஒரு பலகையின் ஒரு முனையைத் துருசுக் கல்லிலும் மறுமுனையைச் சேற்றிலும் வைத்து நடந்து பாருங்கள். சேற்றுப் பக்கம் அமிழ அமிழ, கல்லுப் பக்கம் நெம்பும். அந்த நெம்புதான் தூண் பல்லை ஆட்டிக் கழற்றுவது. 1925இல் கென்னடி என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இடைவெளிகளை நாலு வகுப்பாகப் பிரித்தார். இரண்டு பக்கமும் பின்னால் பல் இல்லாத இந்த வகைக்குத்தான் முதலாம் வகுப்பு. நாங்கள் படிக்கும்போதும் முதல் தலையிடி அதுதான்.

இரண்டாவது டொக்டரின் திட்டத்தில் எனக்குப் பிடித்தது முன்பக்க பிரிட்ஜ். அது வெறுமனே நாலு பல்லை நிரப்புவது மட்டுமல்ல. இடப்பக்க வேட்டைப்பல்லையும் வலப்பக்க இரண்டு பல்லையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. தனித்தனியாக நின்ற மூன்று தூணும் ஒரே தூணாகிவிடும். பிளேட் நெம்பும்போது மூன்றும் சேர்ந்து தாங்கும். அத்தோடு ரீச்சர் சொன்ன கவலையும் தீரும்: இரவில் பிளேட்டைக் கழற்றினாலும் முன்பல் வாயில் இருக்கும். மருமகன் வந்தாலும் கதவைத் திறக்கலாம்.

எனக்குப் பிடிக்காதது பட்டன். மற்றப்படி நல்ல பொருள்தான், நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் அதற்கு உயரம் வேண்டும். முப்பது வருடம் பாக்குச் சப்பினவரின் பல் தேய்ந்து கட்டையாக இருக்கும். மேல் பல்லுக்கும் கீழ் முரசுக்கும் இடையில் பட்டனும் அதன் மேல் அக்ரிலிக்கும் (பிளேட் செய்கிற பிளாஸ்டிக்) பல்லும் வைக்க இடம் போதுமா என்று அச்சில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இடமில்லாமல் திணித்தால் அக்ரிலிக் மெல்லிதாகி வெடிக்கும். கிரவுணிலேயே அந்தப் படியை வெட்டி, பிளேட்டைக் கோபால்ட் குரோம் உலோகத்தில் வார்த்து, சாதாரணக் கொக்கி வைத்தால் என்ன? கொக்கி கொஞ்சம் தெரியும். 67 வயதில் கீழ்வாய் வேட்டைப்பல்லுக்குப் பக்கத்தில் தெரிகிற ஒரு கொக்கியை யார் பார்க்கப்போகிறார்கள்? தளர்ந்தால் ஒரு குறட்டால் இறுக்கலாம். அதற்கு ஜெர்மனியில் இருந்து வளையம் வர வேண்டியதில்லை.

கடைசியாக, பல்லைவிட முக்கியமான ஒன்று. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேராவிட்டாலும். வாய் முழுதாகத் திறக்கிறதா, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். வாய் திறக்காவிட்டால் அளவெடுக்கிற தட்டே உள்ளே போகாது, பிறகெங்கே பிரிட்ஜும் பிளேட்டும்.

கனகராயன் எழுதியது:

டொக்டர், மிக்க நன்றி. ஒரு சந்தேகம். கொடுப்புப் பல்லே இல்லாமல் முன்பக்க பிரிட்ஜை மட்டும் போட்டால் போதாதா? எங்கோ வாசித்தேன், இருபது பல் இருந்தால் சமாளிக்கலாம் என்று.

பல்வைத்தியம்_முல்லை எழுதியது:

நல்ல கேள்வி. நெதர்லாந்தில் கைசர் என்பவர் 1981இல் அதைப் பற்றி எழுதினார். முன்பல்லும் அதற்கு அடுத்த சிறிய கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் சந்தித்தால் பலருக்கு அதுவே போதும், பின்னால் பிளேட் வேண்டாம் என்பது கருத்து. சரிதான். ஆனால் அப்பாவுக்குக் கீழே அந்தச் சிறிய பல்லும் ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று. முழுப் பாரமும் பிரிட்ஜில் விழும். இடப்பக்கம் ஒரு பல்லுக்காவது சந்திப்பு வேண்டும்.

ஒட்டுசுட்டான்_ஒருவன் எழுதியது:

நான் இந்தக் களத்தில் அதிகம் எழுதுவதில்லை. இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2009 மாசியில், சண்டை நேரம், செல் பீஸ் பட்டு மேல்வாயில் முன்பல் நாலும் போனது. பல்லோடு எலும்பும் போனது, அதுதான் பிரச்சினை. முகாமில் இருந்தபோது ஒரு அக்ரிலிக் பிளேட் செய்து தந்தார்கள். அண்ணத்தை முழுக்க மூடிக்கொண்டிருக்கும், சூடு குளிர் தெரியாது. சோறும் குழம்பும் ஒரே ருசி. "ச", "த" வராது. கலியாணம் பேசும்போது நான் வாயே திறக்கவில்லை, பெண் வீட்டார் அடக்கமான பிள்ளை என்று நினைத்தார்கள்.

பிறகு பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போனேன். பிரிட்ஜ் போடுங்கள் என்றுதான் கேட்டேன். அந்த டொக்டர் ஒரு கண்ணாடியைத் தந்து உதட்டைப் பார்க்கச் சொன்னார். உதடு உள்ளே விழுந்து கிடந்தது. "இந்தப் பள்ளத்துக்கு மேலே பிரிட்ஜ் போட்டால் பல் ஒவ்வொன்றும் குதிரைப் பல் மாதிரி நீளமாக வரும், உதடும் எழும்பாது" என்றார். அவர் செய்தது இதுதான்: இரண்டு பக்க வேட்டைப்பல்லுக்கும் கிரவுண், இரண்டையும் சேர்த்து வளைந்த ஒரு உலோகக் கம்பி. அது நிரந்தரம். அதன்மேல் கிளிப் போல ஏறி உட்காருகிற சின்னத் துண்டு, நாலு பல்லும் முரசு நிறத்தில் அக்ரிலிக்கும். அது கழற்றுவது. அண்ணம் திறந்தபடி. அக்ரிலிக் உதட்டைத் தூக்கிக் கொடுத்தது. அன்றூஸ் பிரிட்ஜ் என்று பெயராம், அமெரிக்காவில் லூசியானாவைச் சேர்ந்த அன்றூஸ் என்பவர் கண்டுபிடித்ததாம்.

ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. அதுவரை போகிற வழி முழுவதையும் நான் பல்லுக்காகவே தெரிந்துகொண்டேன். மொத்தம் ஒன்பது பயணம்.

துப்புரவாக்குவதற்கு ஒரு வழி: கம்பிக்கு அடியில் தூரிகை போகாது. உல்லன் நூலை ஒரு சாண் வெட்டி அடியால் விட்டு இழுப்பேன். முழு அழுக்கும் வரும்.

முள்ளியவளை_ரீச்சர் எழுதியது:

தம்பி ஒட்டுசுட்டான், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பெண் வீட்டார் கதை மட்டும் சிரிக்க வைத்தது. உல்லன் நூலை எனக்கு அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

லாப்காரன் எழுதியது:

கழுவுகிற விசயம் வந்தபடியால் நானும் சேர்த்துச் சொல்கிறேன். பிளேட்டைக் கொதிநீரில் போடாதீர்கள், அக்ரிலிக் கோணும். துணி வெளுக்கிற திரவத்தில் உலோகப் பிளேட்டை ஊறவைக்காதீர்கள், உலோகம் கறுத்து அரிக்கும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் எப்படிப் படிகிறதோ, அப்படியே பிளேட்டிலும் வெள்ளையாகப் படியும். அதைக் கத்தியால் சுரண்டிக் கொண்டுவருவார்கள், எனக்கு அழுகை வரும். வினாகிரியில் தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போய்விடும். இரவில் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போடுங்கள். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். நழுவினால் சீமெந்தில் விழாமல் தண்ணீரில் விழும். ஸ்ருட்கார்ட் அக்கா, அத்தானுக்கும் சொல்லுங்கள்.

ஸ்ருட்கார்ட்_அக்கா எழுதியது:

அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னையில்லை, கிணற்றுக்கட்டைக் குற்றம் சொல்லட்டும்" என்கிறார்.

பரந்தன்_பொடியன் எழுதியது:

நான் முதலில் எழுதினதைத் திரும்ப வாங்குகிறேன். அம்மம்மாவிடம் நேற்றுக் கேட்டேன். பனங்கிழங்கை அவ சப்புவதில்லையாம், உரலில் இடித்துத்தான் சாப்பிடுறாவாம். இத்தனை வருடமும் எங்களை ஏமாற்றியிருக்கிறா.

கனகராயன் எழுதியது:

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

அப்பாவின் வாயை முதலில் முழுதாகப் பார்த்தார்கள். கன்னத்தில் பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார்கள். பாக்கை விட்டுவிட்டார், அல்லது என் முன்னால் போடுவதில்லை. ஆடின நாலையும் எடுத்து, ஆறும்வரை தற்காலிகமாக ஒரு அக்ரிலிக் பிளேட். அதன் பிறகு மூன்று பல்லுக்கும் கிரவுண், முன்னால் பிரிட்ஜ். பட்டன் வேண்டாம் என்று நானே கேட்டேன். லாப்பில் எங்கள் லாப்காரன் அண்ணை சொன்ன அந்தப் படியை வெட்டச் சொன்னேன். டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு "நீங்களும் இந்தத் தொழிலா?" என்றார்.

பிளேட்டுக்கு அளவெடுக்கும்போது முரசை அழுத்தினபடி இரண்டாம் முறை எடுத்தார்கள். சேற்றுப் பக்கம் முதலே அமிழ்ந்த நிலையில் செய்தால் பிறகு குறைவாக அமிழுமாம். ஆனாலும் முதல் கிழமை இடப்பக்கம் நாக்குக்குக் கீழே புண் வந்தது. இரண்டு முறை போய்ப் பிளேட்டை உராஞ்சிக்கொண்டு வந்தோம். எலும்பு மெதுவாகக் கரைய, பிளேட்டின் பின்பக்கம் ஆடத் தொடங்கும், அப்போது அடியில் அக்ரிலிக் நிரப்ப வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பின்பக்கத்தை விரலால் அமத்தினால் முன்பக்கம் எழும்புகிறதா என்று பார்க்கிறதுதான் சோதனையாம். அப்பா ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்.

போன கிழமை கிளிநொச்சியில் இருந்து திரும்பும்போது பஸ் முறிகண்டியில் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்பா கச்சான் வாங்கினார். பஸ்சில் ஏறினதும் பிளேட்டைக் கழற்றி லேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, முன்பல்லால் கச்சான் சாப்பிடத் தொடங்கினார்.

லாப்காரன் எழுதியது:

ஐயோ, பிளேட்டைப் பூட்டிக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். எல்லாப் பாரமும் பிரிட்ஜில் இறங்குது.

கனகராயன் எழுதியது:

சொன்னேன் அண்ணை. கச்சான் துண்டு பிளேட்டுக்கு அடியில் போய் முரசில் குத்துதாம்.

லாப்காரன் எழுதியது:

அது உண்மைதான். என்னுடையதிலும் போகும்.